குளிருக்கு முன்னே ஓடும் ஊர்

நவம்பர் காலை, கனடாவின் ஒக்கநாகன் பள்ளத்தாக்கு. காரை விட்டு இறங்கியதும் காது மடல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மார்கழிக்கு மப்ளர் சுற்றிப் பழகிய உடம்பு. இந்தக் குளிருக்கு எதைச் சுற்றுவது? மொட்டை ஆப்பிள் மரங்களுக்கடியில் அழுகிய பழத்தின் புளிப்பு வாசனை, எங்கிருந்தோ விறகுப் புகை.

தோட்டக்காரர் ஒரு சர்தார்ஜி தாத்தா. இங்கே பழத்தோட்டம் வைத்திருப்பவர்களில் பஞ்சாபிக் குடும்பங்கள் நிறைய! “வா பேட்டா, ராத்திரி மைனஸ் ஆறாம். அதுக்குள்ள எல்லாத்தையும் பிடுங்கணும்” என்றார். எதை? கிழங்கையா? இல்லை, மண்ணின் ஈரம் பார்க்கும் டென்சியோமீட்டரை!

பிளாஸ்டிக் குழாய், உள்ளே நீலச் சாயத் தண்ணீர், தலையில் முள் மானி, அடியில் வெள்ளைப் பீங்கான் முனை. நம் மண்பானை கசிகிற மாதிரி அந்த முனை கசியும். மண் காயக் காய நீரை இழுக்கும், மானி முள் ஏறும். பனி கொட்டும் ஊரில் தண்ணீருக்கு எதற்கு இத்தனை கணக்கு? பள்ளத்தாக்கின் தென்கோடியில் ஆண்டு மழையே 300 மில்லிமீட்டர் சொச்சம்தானாம்! பாய்ச்சாவிட்டால் ஆப்பிள் கிடையாது.

தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும். பீங்கான் விரிசல் விடும், மானிக்குள் இருக்கும் வளைகுழல் நெளியும். அதற்கு ஓர் இரவு போதும். தாத்தா நீரைக் கவிழ்த்து, முனையில் ஒட்டிய மண்ணை நல்ல தண்ணீரில் அலசினார். ஆசையாகத் தொடப் போனேன். “அரே!” என்று கையைத் தட்டிவிட்டார். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் நுண்துளை அடைத்துக்கொள்ளுமாம். உலர்த்தித் துணியில் சுற்றி, உறையாத கொட்டகைக்குள் படுக்க வைத்தார். பிறந்த குழந்தைக்குக்கூட இவ்வளவு பதமா!

வரிசைக் கோடியில் ஒரு மின்னணு உணரி. அதற்குள் உறையத் தண்ணீர் இல்லாததால் குளிர்காலம் முழுக்க மண்ணிலேயே கிடக்கும். ஆனால் மண் உறைந்ததும் புளுக ஆரம்பித்துவிடும். ஈரத்தைக் கணிக்க அது அளப்பது மண்ணின் மின்காப்பு மாறிலியை. தண்ணீருக்கு அது 80, பனிக்கட்டிக்கு மூன்று சொச்சம். காலடியில் ஈரமெல்லாம் கட்டியாகக் கிடக்க, திரையிலோ பாலைவனம்! “மண் இளகுற வரைக்கும் அது பேச்சைக் கேட்காதே” என்றார் தாத்தா.

சரிவுக்குக் கீழே திராட்சைத் தோட்டம். அங்கே பழத்தைப் பறிக்காமல் விட்டு வைத்திருந்தார்கள். உறைந்த பழத்தில் செய்யும் ஐஸ் ஒயினுக்கு மைனஸ் 8 வந்தால்தான் பறிக்கவே முடியுமாம், அதுவும் பெரும்பாலும் நள்ளிரவில். “ஆள் தேடுறாங்க, போறியா?” என்றார் தாத்தா. எனக்கு ஒரு டீ வந்தால் போதுமென்றிருந்தது.