செவ்வாய்ச் சந்தையும் சனிக்கிழமைப் பழஞ்சந்தையும்

தென் ஸ்பெயினிலே, மாலகா நகருக்குத் தென்மேற்கே, மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி கிடக்கிறது புவெங்கிரோலா என்னும் பட்டினம். மாலகாவிற் புறப்படும் புகையிரதம் விமான நிலையத்தைத் தொட்டு, டொரெமொலினொஸ் முதலிய உல்லாச நகரங்களைக் கடந்து, முக்கால் மணி நேரத்தில் அங்கே போய் நின்றுவிடுகிறது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. ஒரு காலத்தில் மீனவர் கிராமமாயிருந்த இவ்விடத்தில் இன்று கடற்கரை நெடுகிலும் மாடி வீடுகளும் விடுதிகளும் நெருங்கி நிற்கின்றன. வருவோரிற் பெரும்பாலார் கடலை நாடி வருகின்றனர். நாம் நாடிச் சென்றவை அவ்வூரின் சந்தைகளை.

பட்டினத்தின் திருவிழாத் திடலிலே, வாரத்தில் இரு நாட்கள் காலையில் இச்சந்தைகள் கூடுகின்றன. செவ்வாயன்று புதுப்பொருட் சந்தை. சனியன்று பழம்பொருட் சந்தை. முன்னதை 'மெர்காதியோ', அதாவது சிறு சந்தை, என்கிறார்கள். பெயர்தான் சிறிது, சுற்றி வர நமக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது! பின்னதற்கு 'ராஸ்த்ரோ' என்று பெயர். இழுபட்ட தடம் என்பது அச்சொல்லின் பொருள். மட்ரிட் நகரில், அறுத்த மாடுகளைத் தோல் பதனிடும் இடத்துக்கு இழுத்துச் சென்றபோது வீதியிற் படிந்த இரத்தத் தடமே அங்குள்ள பழஞ்சந்தைக்குப் பெயராயிற்று என்று கூறுவர்.

செப்டெம்பர் மாதக் கடைசிச் செவ்வாயன்று காலை ஒன்பது மணிக்கே நாம் திடலை அடைந்தோம். இரு சில்லுத் துணி வண்டிகளை இழுத்துக்கொண்டு ஊர்ப் பெண்கள் நமக்கு முன்னரே வந்துவிட்டனர். முதலில் நம்மைத் தடுத்து நிறுத்தியது மாம்பழ வாசனை. ஐரோப்பாவில் மாம்பழமா என்று வாசகர்கள் வியக்கக்கூடும். மாலகாவுக்குக் கிழக்கேயுள்ள அக்சார்க்கியா என்னும் மலைச்சரிவுகளிலே உறைபனி விழுவது அரிது. ஆதலால் அங்கே மாவும் வெண்ணெய்ப் பழமும் தோட்டம் தோட்டமாக விளைகின்றன. செம்மையும் ஊதாவும் கலந்த 'ஒஸ்டீன்' என்னும் இனமே அதிகம். நம் கறுத்தக் கொழும்பானுக்கு அது ஈடாகாது என்பது நமது கட்சி. ஆயினும் நார் குறைவு, இனிப்பு உண்டு. வியாபாரி உரத்த குரலில் "மாங்கோ, மாங்கோ" என்று கூவுகிறார். தமிழ் மாங்காயும் மலையாள மாங்ஙவும் போர்த்துக்கேயர் வாயில் 'மங்கா' ஆகி, பின்னர் ஐரோப்பிய மொழிகளிற் பரவிய சொல் அது. கூவுகின்றவருக்கு அந்தக் கதை தெரிந்திருக்க நியாயமில்லை.

அடுத்தது ஒலிவக் காய்க் கடை. பெரிய வாளிகளிலே, கல்லால் தட்டிப் பிளந்த பச்சைக் காய்களை உப்பு நீரில் ஊறவைத்து, உள்ளியும் பெருஞ்சீரகச் செடியும் மிளகாயும் சேர்த்திருக்கிறார்கள். இது 'அலொரெஞா' என்னும் மாலகா மாவட்டத்து இனம். நாம் கேளாமலே கடைக்காரி இரண்டு காய்களை உள்ளங்கையில் வைத்தாள். முதற் கடியிற் கைப்பு. பின்பு நம்மூர் ஊறுகாயின் நினைவு.

துணிக் கடைகளிற் பலவற்றை நடத்துவோர் 'ஹித்தானோ' எனப்படும் ரோமா மக்கள். வட இந்தியாவிலிருந்து புறப்பட்டுப் பல நூற்றாண்டுகள் அலைந்த இவர்களின் முன்னோர் ஸ்பெயினுக்கு வந்த செய்தி 1425ஆம் ஆண்டு அரச ஆவணம் ஒன்றிற் பதிவாகியுள்ளது. 1749இல் ஒரே கட்டளையால் ஆயிரக்கணக்கானோர் சிறைப்படுத்தப்பட்டனர். அத்தனைக்கும் பின் எஞ்சிய இவர்களின் பழஞ்சொற்களில் 'பஞீ' ஒன்று. தண்ணீர் என்று பொருள். ஹிந்தியின் 'பானீ' யாருக்குத்தான் நினைவு வராது? இன்று சந்தை வியாபாரம் இவர்களிற் பல குடும்பங்களின் பரம்பரைத் தொழில். "வா ராணி, தொட்டுப் பார், தொடுவதற்குக் காசில்லை!" என்று மேசைமேல் ஏறி நின்று கூவிய முதியவரின் அருகே அவருடைய பேரன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இந்த மேசையில் ஏறுவானா என்று கேட்டோம். "அவன் படிக்கிறான்" என்றார் முதியவர். குரலில் இருந்தது பெருமையா கவலையா என்று நம்மாற் கூற இயலவில்லை.

சனிக்கிழமை அதே திடல் வேறோர் உலகமாயிருந்தது. கூவுவார் இல்லை. தரையில் விரித்த துணிகளிலே விளக்குகள், கதிரைகள், திறப்பில்லாத பூட்டுகள், பூட்டில்லாத திறப்புகள். ஒரு தட்டில் 1970ஆம் ஆண்டுத் திகதியிட்ட 100 பெசெட்டா நோட்டுகள் கிடந்தன. இசைமேதை மானுவேல் டி ஃபாயாவின் முகம் அவற்றில் உண்டு. 2002இல் யூரோ புழக்கத்துக்கு வந்த பின்னரும் ஸ்பெயின் மத்திய வங்கி இவற்றை மாற்றிக் கொடுத்தது. நோட்டு ஒன்றுக்கு 60 சதம். 2021 ஜூன் 30ஆந் திகதியோடு அதுவும் முடிந்தது. வியாபாரி கேட்ட விலையோ 2 யூரோ! பணமாக இருந்தபோது பெறாத விலையைப் பணமல்லாது போன பின் பெறுகிறது.

வேறொரு விரிப்பில் அழகிய தேநீர்க் கோப்பைகள். அடியிலே 'அராபியா' என்று முத்திரை. அது 1873இல் ஹெல்சின்கி நகரிலே தொடங்கிய பின்லாந்துத் தொழிற்சாலையின் பெயர். குளிருக்கு அஞ்சிய பின்லாந்து முதியோர் பலர் இங்கே வந்து தங்கியிருக்கின்றனர். தம் மொழிப் பாடசாலையும் அமைத்துள்ளனர். ஆங்கிலேயரும் பலர். "ஊர் திரும்புவோர் கொஞ்சம் தருவார்கள். திரும்பாதவர்களின் வீட்டிலிருந்துதான் அதிகம் வரும்" என்றார் கடைக்காரர். பிள்ளைகள் விமானத்தில் வந்து, அடக்கம் முடித்து, ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கோப்பைகளை யார் சுமப்பார்?

அப்போது ஒரு பெண்மணி வெள்ளி விளிம்பிட்ட படச் சட்டம் ஒன்றை எடுத்தார். உள்ளே திருமணக் கோலத்தில் ஓர் இளம் ஜோடி. உடையைப் பார்த்தால் அறுபது ஆண்டுக்கு முந்தியது. விலை 5 யூரோ என்று பேசி முடிந்தது. "படம் வேண்டாம், சட்டம் மட்டும் போதும்" என்றார் அவர். கடைக்காரர் பின்புற ஆணிகளைக் கத்தியால் மெல்ல நிமிர்த்தி, படத்தை வெளியே எடுத்து, அதன் தூசியைச் சட்டைக் கையால் துடைத்தார். பின் காலடியிலிருந்த அட்டைப் பெட்டி ஒன்றில் அதனை நிமிர்த்தி வைத்தார். பெட்டி நிறைய அத்தகைய படங்கள். ஒன்று 50 சதம். மணி இரண்டை நெருங்கவே எல்லோரும் கட்டத் தொடங்கினர். கோப்பைகளைப் பழைய பத்திரிகையிற் சுற்றிய பின், அந்தப் பெட்டியை அவர் கடைசியாக வண்டியின் முன் ஆசனத்தில் ஏற்றினார்.