வலிமையை அளத்தல்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் இரும்பை மயிரிழையும் பிசகாது அளந்து கடைவர். இரும்பு களைப்பதில்லை, அஞ்சுவதுமில்லை. மனிதரின் வலிமையை அளப்பதோ அத்துணை எளிதன்று.

தென்பாண்டிச் சீமையில் இளவட்டக்கல்லைத் தூக்கியவனை வல்லவன் என்பர். தூக்கியவர் இருவராயின் அவருள் மிக்கவர் யார்? கல் விடை கூறாது. பளுதூக்கும் போட்டியோ கூறும். வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014ஆம் ஆண்டில் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில், ஒரே வீச்சில் தலைக்குமேல் 149 கிலோவும், தோளில் ஏந்திப் பின் 179 கிலோவும் உயர்த்தித் தங்கம் வென்றார். மொத்தம் 328. இவ்வெண்ணை எவரும் ஐயுறார். தண்டின் எடை ஆடவர் யாவர்க்கும் ஒன்றே. நடுவர் மூவருள் இருவரேனும் இசைந்தாலன்றித் தூக்கு செல்லாது. முன்னர் மூன்றாம் வகையொன்றும் இருந்தது. நிமிர்ந்து நின்று கைவலியால் மட்டுமே உயர்த்தவேண்டிய அதனை, வீரர்கள் முதுகை வளைத்து உயர்த்தலாயினர். எது முறை, எது பிழை என நடுவரால் துணிய இயலவில்லை. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கிற்குப் பின் அதனை நீக்கிவிட்டனர். எடையில் ஐயமில்லாவிடினும் முறையில் ஐயம் புகுந்தால் அளவு பயனற்றுப் போகும் அன்றோ?

பளுவைத் தூக்குவது வலிமை. விரைந்து தூக்குவது திறன். காலின் திறனை அறிய எளிய வழியொன்று உண்டு. விரல்நுனியில் சுண்ணக்கட்டிப் பொடி தடவிச் சுவரோரம் நின்று எட்டும் உயரத்தையும், ஓடாது எம்பித் தொடும் உயரத்தையும் குறித்தல் வேண்டும். இரண்டிற்கும் உள்ள இடைவெளியே அளவு.

ஆவடி வட்டாரத்தில் காவற்பணியை நாடி வைகறையில் பயிலும் இளைஞர் பலர். அங்கொரு திடலில் பெண்ணொருத்தி கலங்கி நின்றாள். முந்திய வாரம் 41 சென்டிமீட்டர், அன்று 39. “ஐயா, என் கால்கள் தளர்ந்துவிட்டனவோ? பயிற்சியை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது” என்றாள். மும்முறை எம்பச் சொன்னேன். 40, 38, 41 எனக் குறிகள் விழுந்தன. அதே சுவர், அதே கால்கள், அதே காலைப்பொழுது! ஒரே வேளையில் மூன்று சென்டிமீட்டர் ஊசலாடும் அளவினைக் கொண்டு இரண்டு சென்டிமீட்டர் வீழ்ச்சியை எங்ஙனம் துணிவது?

“போன வாரம் காலணி அணிந்திருந்தாயா, அம்மா?” என வினவினேன். அவளுக்கு நினைவில்லை. உடலைச் சூடேற்றினாளா என்பதும் நினைவில்லை. அன்றே குறிப்பேடு ஒன்றைத் தொடங்கினாள். நாள், நேரம், காலணி, முந்திய இரவின் உறக்கம் ஆகியவற்றை முதலில் எழுதினாள். மூன்று குறிகளையும் அதன்பின்னரே எழுதினாள்.