ஒரே நாளில் முடியும் பாடம்

எரவாடா என்றதும் நமக்கு நினைவு வருவது காந்தி அடைபட்டிருந்த மத்திய சிறை. 1922-இல் அங்கே கைதியாக இருந்தபோதுதான் அவர் குஜராத்திக் குழந்தைகளுக்காக ஓர் அரிச்சுவடி எழுதினார். புனே நகரின் அதே எரவாடாவில், வழக்கில் சிக்கிய சிறாருக்கான கூர்நோக்கு இல்லமும் இருக்கிறது. ஊரார் அதையும் ஜெயில் என்றே சொல்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 18 வயது நிறையாத யாரையும் சிறையிலோ போலீஸ் லாக்கப்பிலோ வைக்கக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். ஆனால் கதவு வெளியிலிருந்து பூட்டப்படும் ஓரிடத்தில், இது சிறையல்ல என்பது உள்ளே இருக்கும் பையனுக்கு எதைக் கொண்டு தெரியும்? வகுப்பறையைக் கொண்டுதான் தெரிய வேண்டும். அதைப் பார்க்கத்தான் புனே போனேன்.

நான் சந்தித்த பையன்கள் யாருடைய பெயரும் ஊரும் இங்கே வராது. அவர்களை அடையாளம் காட்டுவதைச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. அந்தப் பிரிவு இல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன்.

பாடம் தொடங்குமுன் பென்சில்களை எண்ணிக் கொடுக்கிறார்கள். ஷார்ப்பனர் ஆசிரியையின் பையை விட்டு வெளியே வருவதில்லை. அதில் பிளேடு இருக்கிறது. சுருள் கம்பி நோட்டு கிடையாது, நூல் தைத்த நோட்டுதான். வகுப்பு முடிந்ததும் பென்சில்களைத் திரும்ப எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையை ஆசிரியை தாமே செய்வதில்லை. தினம் ஒரு பையனைக் கூப்பிட்டு அவனிடம் பெட்டியைக் கொடுக்கிறார். அவன் வரிசையாக வாங்கி எண்ணி, கணக்குச் சொல்லி ஒப்படைக்கிறான். சோதனையாக இருந்திருக்க வேண்டிய ஒன்று அங்கே பொறுப்பாக மாறிவிடுகிறது.

புதிதாக வந்தவனிடம் எத்தனாவது வரை படித்தாய் என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் ஒன்று பொய் வரும், இல்லாவிட்டால் தலை குனியும். வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்கிறார். எழுத்தே தெரியாதவன், எழுத்து தெரிந்தும் சொல்லாகக் கூட்டத் தெரியாதவன், ஒரு வரியில் நிற்பவன், பத்தி எழுதுபவன் எல்லோரையும் அந்த ஒற்றைத் தாள் காட்டிக் கொடுத்துவிடும். வயதைப் பார்க்காமல் வாசிக்கும் திறனைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றியதில், 1995-இல் மும்பையில் தொடங்கிய ‘பிரதம்’ அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பதினேழு வயதுப் பையன் எழுத்துக் கூட்டும்போது அவமானப்படாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் கடினமான வேலை.

மீசை அரும்பிய ஒருவன் தாளைத் தொடாமலே உட்கார்ந்திருந்தான். ஆசிரியையைப் பையன்கள் மராத்தி வழக்கப்படி ‘தாயி’ என்று, அக்கா என்ற பொருளில் அழைக்கிறார்கள்.

“எழுத வராது, தாயி.”

“பேச வருமில்ல? நீ சொல்லு, நான் எழுதறேன். அம்மாங்கிற சொல்லு வர்ற இடத்துல மட்டும் நீ எழுதணும்.”

அவன் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ‘ஆயி’ என்று எழுத வேண்டிய இடம் வந்தபோதெல்லாம் பென்சில் கைமாறியது. முதல் தடவை அவர் எழுதிக் காட்டியதைப் பார்த்துப் பார்த்து எழுதினான். கடிதம் முடிவதற்குள் பார்க்காமல் எழுதினான். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

ஏன் அவ்வளவு சிறிய பாடம்? இன்று வந்தவன் நாளை இருப்பானா என்று ஆசிரியைக்குத் தெரியாது. விசாரணைக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகிறவன் அப்படியே ஜாமீனில் வீட்டுக்குப் போய்விடலாம். வீடு போவது நல்லதுதான். ஆனால் ‘மீதியை நாளைக்குப் பார்ப்போம்’ என்று சொல்லும் வசதி இங்கே இல்லை. காலையில் தொடங்கியது மதியத்துக்குள் கைவசமாகிவிட வேண்டும். இந்த ஆசிரியர்களின் தொழில்நுட்பமே அதில்தான் இருக்கிறது.

கணக்கிலும் அப்படித்தான். கராஜிலும் டீக்கடையிலும் வேலை பார்த்த பையன்கள் சில்லறைக் கணக்கை வாயால் நொடியில் சொல்கிறார்கள். அதையே தாளில் போடச் சொன்னால் திணறுகிறார்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரில் சந்தையில் பொருள் விற்ற சிறுவர்களிடமும் இதையே கண்டதாக 1985-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அதனால் தாயி முதலில் விடையை வாயால் வாங்குகிறார். “இதை எப்படிப் போட்டே? எனக்குச் சொல்லு” என்பார். அவன் சொன்ன வழியையே பலகையில் எண்களாக எழுதுவார். தனக்குக் கணக்குத் தெரியும் என்பது அந்தப் பையனுக்கே அப்போதுதான் தெரிகிறது.

2024 மே மாதம், புனே கல்யாணி நகரில் இருவர் இறந்த கார் விபத்து வழக்கில் 17 வயதுச் சிறுவனுக்கு ஜாமீன் கொடுத்தபோது, 300 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பதும் நிபந்தனையாக இருந்தது. நாடே கொதித்தது. இரண்டு உயிர்களுக்கு முன்னால் அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இந்த வகுப்பறையில் உட்கார்ந்தபோது எனக்கு இன்னொன்றும் உறைத்தது: நாம் அற்பம் என்று தள்ளிய அந்த 300 சொற்களை எழுத முடியாத பையன்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எந்தத் தொலைக்காட்சியிலும் விவாதம் நடக்கவில்லை.

வகுப்பறைக்கு வெளியேதான் நூல் அறுகிறது. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. இளைஞர் நீதிச் சட்டம் 18 வரை வருகிறது. நடுவிலுள்ள வயதில்தான் இங்கு வருபவர்களில் பலர் இருக்கிறார்கள். வெளியே போனதும் பழைய பள்ளியில் டி.சி. கேட்பார்கள். இத்தனை மாதம் எங்கே இருந்தாய் என்பார்கள். பையன் திரும்பி நடந்துவிடுவான். பெரும்பாலானவர்களின் வழக்குப் பதிவுகளை உரிய காலத்துக்குப் பின் அழித்துவிட வேண்டும் என்றும், அந்த வழக்கால் அவர்களுக்கு எந்தத் தகுதிக்குறைவும் வரக் கூடாது என்றும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. அதே அக்கறையோடு, உள்ளே என்ன படித்தான் என்ற தாள் மட்டும் அவன் பின்னாலேயே பள்ளிவரை போக வேண்டும். ஒவ்வொருவனுக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. அதில் கல்விப் பக்கத்தை ஆசிரியர் நிரப்ப வேண்டும். பையனைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வர ஓர் ஆள் வேண்டும்.

சிறாருக்கென்று தனிச் சட்டத்தை இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது நம் சென்னை மாகாணம்தான், 1920-இல். நம் ஊர்க் கூர்நோக்கு இல்லங்களிலும் இப்படி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நாளில் கற்றுக் கொடுத்ததை மறுநாள் தொடர ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் கதவைத் திறந்தால் போதும். அந்தக் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம்.