உறக்கத்தில் வந்து உடல்நோய் தீர்த்த தெய்வம்

கிரேக்க நாட்டின் தலைநகரான ஏதென்ஸிலிருந்து கொரிந்து கால்வாயைக் கடந்து, சாலை வழியே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றால் லிகூரியோ என்னும் சிற்றூர் வரும். அதன் அருகே, குன்றுகள் சூழ, பைன் மரங்கள் அடர்ந்த ஓர் அமைதியான பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. இடிந்த அடித்தளங்களும் சாய்ந்த தூண்களுமே இன்று அங்கு மிஞ்சியுள்ளன. பண்டைக் கிரேக்கர்கள் தீராத பிணிகளோடு தேடி வந்த எபிடாரஸ் திருத்தலம் இதுவே. இங்குக் கோயில் கொண்டிருந்தவர் அஸ்கிளீப்பியஸ் என்னும் மருத்துவக் கடவுள்.

அவர் பிறப்பைப் பற்றிய புராணம் சுவையானது. தந்தை அப்பல்லோ ஒரு தேவன். தாய் கொரோனிஸ் மானுடப் பெண். பாதி மனித உருவும் பாதி குதிரை உருவும் கொண்ட கைரன் என்னும் ஆசானிடம் அவர் மூலிகைகளின் குணங்களையும் அறுவை மருத்துவத்தையும் கற்றார். கலை முதிர்ந்தபோது, இறந்தவரையும் எழுப்பும் ஆற்றல் அவருக்கு வாய்த்தது. மரணமே இல்லையென்றால் மனிதருக்கும் தேவருக்கும் உள்ள வரம்பு அழிந்துவிடுமே என்று கருதிய தேவர் தலைவன் ஜீயஸ், இடியை ஏவி அவரை வீழ்த்தினான். பின்னர் அவரே தெய்வமாகப் போற்றப்பட்டார். பிணியைத் தீர்க்கலாம், மரணத்தை நீக்கலாகாது என்னும் எல்லை அந்தத் தெய்வத்தின் கதையிலேயே அமைந்துவிட்டது.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் இங்கு அவருக்குப் பெருங்கோயில் எழுந்தது. அதன் திருப்பணிக் கணக்குகள் கல்லிலே வெட்டப்பட்டுள்ளன. தியோடோட்டஸ் என்பவர் தலைமைச் சிற்பியாக இருந்தார். பணி முடிய 4 ஆண்டுகளும் 8 மாதங்களும் ஆயின. கருவறையில் பொன்னாலும் யானைத் தந்தத்தாலும் ஆன திருவுருவம். அரியணையில் அமர்ந்த அஸ்கிளீப்பியஸ் ஒரு கையில் தடியைப் பற்றி, மறு கையைப் பாம்பின் தலைமேல் வைத்திருந்தார். அருகில் ஒரு நாய் படுத்திருந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் இத்தலத்தைத் தரிசித்த பாசேனியஸ் என்னும் கிரேக்கப் பயணி இவ்வாறு எழுதி வைத்திருக்கிறார்.

கனவில் கிடைத்த மருந்து

இத்தலத்தின் தனிச் சிறப்பு, சந்நிதியை அடுத்த உறங்கும் மண்டபம். நோயாளி முதலில் நீராடுவார், காணிக்கைகளைச் செலுத்துவார், இரவில் அம்மண்டபத்தில் படுத்துக்கொள்வார். கனவிலே தெய்வம் தோன்றி மருந்திடும், அல்லது செய்ய வேண்டியதைச் சொல்லும் என்பது நம்பிக்கை. தெய்வத்துக்கு உரியனவாகப் போற்றப்பட்ட, தீங்கு செய்யாத மஞ்சள் நிறப் பாம்புகளும் அங்கு உலவின.

குணமடைந்தவர்களின் வரலாறுகள் கல்வெட்டுகளாக நிறுத்தப்பட்டன. அவற்றுள் ஆறு தம் காலத்தில் எஞ்சியிருந்தன என்கிறார் பாசேனியஸ். 1881 முதல் பனயோட்டிஸ் கவாதியாஸ் நடத்திய அகழாய்வில் அக்கற்களில் சில மீண்டும் வெளிப்பட்டன.

அவற்றில் ஒன்று யூஃபனீஸ் என்னும் சிறுவனின் கதை. கல்லடைப்பு நோயால் துன்புற்ற அவன் மண்டபத்தில் உறங்கினான். கனவில் தோன்றிய தெய்வம், உன்னைக் குணமாக்கினால் எனக்கு என்ன தருவாய் என்று கேட்டது. தான் விளையாடும் காய்களில் பத்தைத் தருவதாகச் சொன்னான் பிள்ளை. தெய்வம் சிரித்து, நோயை நிறுத்துவதாக வாக்களித்தது. பொழுது விடிந்ததும் அவன் நலமாக வெளியே வந்தான்.

மற்றொன்று ஏதென்ஸைச் சேர்ந்த அம்புரோசியா என்னும் பெண்ணைப் பற்றியது. ஒரு கண் பார்வையற்ற அவள், முடவரும் குருடரும் கனவு கண்டே குணமாவதாவது என்று அங்கேயே நகைத்தாள். ஆயினும் அவள் கனவிலும் தெய்வம் வந்தது. குணமாக்குகிறேன்; உன் அறியாமையின் நினைவாக ஒரு வெள்ளிப் பன்றியைக் கோயிலில் வைக்க வேண்டும் என்று சொல்லி, கண்ணில் மருந்தூற்றியது. நகைத்தவளும் பார்வை பெற்றே திரும்பினாள். நம்பியவருக்கு மட்டுமே உரிய சந்நிதியாக அது இருக்கவில்லை.

காலம் செல்லச் செல்லக் கனவில் பத்தியமும் வந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அப்பெல்லாஸ் என்பவர் தம் செரியாமைக்காக இங்கு வந்தார். ரொட்டியும் பாலடைக்கட்டியும் உண்ணுதல், பாலில் தேன் கலந்து பருகுதல், வெறுங்காலுடன் நடத்தல் ஆகியவை அவருக்கு விதிக்கப்பட்டன. அடிக்கடி எரிச்சல் கொள்ளாதே என்ற அறிவுரை, அவர் வரும் வழியிலேயே கிடைத்துவிட்டதாம்! இவற்றை எல்லாம் அவரே கல்லில் பொறித்து வைத்தார்.

மருத்துவர்களும் இத்தெய்வத்தைத் தங்களுக்குரியவராகவே கொண்டனர். ஏதென்ஸில் அரசுப் பணியிலிருந்த மருத்துவர்கள், தங்களுக்காகவும் தாங்கள் குணமாக்கியவர்களுக்காகவும் ஆண்டுக்கு இருமுறை அவருக்கு வழிபாடு செய்வது மரபு.

கி.மு. 293-இல் ரோமாபுரியைக் கொள்ளைநோய் வாட்டியபோது, அந்நகரத் தூதர்கள் எபிடாரஸுக்கு வந்தனர். தெய்வத்தின் பாம்பு தானே கப்பலேறி வந்து, டைபர் ஆற்றின் நடுவிலுள்ள தீவில் இறங்கியதாக ஐதிகம். கி.மு. 291-இல் அத்தீவில் கோயில் எழுந்தது. இன்றும் அங்கு ஒரு மருத்துவமனை இயங்கி வருகிறது.

வேலிக்கு வெளியே நின்றவர்கள்

எபிடாரஸ் கோயில் வாயிலில், உள்ளே வருபவர் தூயவராக இருக்க வேண்டும் என்றும், தூய எண்ணமே தூய்மை என்றும் பொருள்பட எழுதியிருந்ததாகப் பழைய குறிப்பு உண்டு. ஆனால் புனித எல்லைக்குள் மற்றொரு கடுமையான விதியும் இருந்தது. அங்கே எவரும் இறக்கக் கூடாது; எந்தக் குழந்தையும் பிறக்கக் கூடாது.

நோயாளிகள் திரண்டு வரும் தலத்தில் இவ்விதி யாரைத் தாக்கியிருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். எல்லாருக்கும் கனவு வருவதில்லை. உயிர் பிரியும் நிலையில் இருந்தவர்கள் வெட்டவெளியில் கிடந்து மாண்டனர். கோயிலைச் சார்ந்து வாழ்ந்த குடும்பங்களின் பெண்களும் கூரையின்றிப் பிரசவ வேதனையைத் தாங்கினர். தெய்வத்தின் வாசலுக்கு மிக அருகே வந்தும், மிகுந்த துணை தேவைப்பட்டவர்களுக்கு அங்கு இடமில்லை.

நெடுங்காலம் நீடித்த இக்குறையைக் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஒருவர் தீர்த்தார். ரோமானிய ஆட்சி மன்றத்தைச் சேர்ந்த அன்டோனினஸ் என்னும் செல்வர் இத்தலத்தில் கோயில்களையும் நீராடும் கட்டடத்தையும் எழுப்பினார். அவற்றோடு, ஒருவர் பழியின்றி இறக்கவும் ஒரு பெண் பழியின்றி மகப்பேறு காணவும் ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். பழைய விதியை அவர் மீறவில்லை. அவ்விதியால் வெளியே நின்றவர்களுக்குக் கூரை அமைத்தார். பாசேனியஸ் இதனைத் தனியே குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்.

இன்று எபிடாரஸுக்கு வருவோரில் பெரும்பாலோர் வியப்பது, 55 வரிசைப் படிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய கல் அரங்கத்தையே. 1988-இல் யுனெஸ்கோ இத்தலத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உறங்கும் மண்டபத்தின் தூண்கள் சிலவும் மீண்டும் நிறுத்தப்பட்டுள்ளன. பொன்னும் தந்தமுமான திருவுருவம் மறைந்துவிட்டது. குணமானவர்களின் கதைகள் கல்லில் நிலைத்திருக்கின்றன. குணமாகாதவர்களுக்கோ கல்வெட்டு ஏதும் இல்லை. அவர்கள் கடைசி மூச்சை அமைதியாக விட ஒரு வீடு கட்டிய கருணை மட்டும், பழைய பயணி ஒருவர் எழுதிய சில வரிகளில் இன்றும் வாழ்கிறது.