பதிலிகள்

இலக்கியம் பேசும் இவ்விடத்தில் கட்டிட வரைபடத்தைப் பற்றி எழுதுவது நண்பர்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் பிரதியையும் வாசகனையும் பற்றி நாம் ஓயாமல் விவாதிக்கும் சிக்கல் ஒன்று அங்கும் இருப்பதைக் கண்டதால் எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் என் தங்கை வீடு கட்ட முனைந்தாள். வளைகுடாவில் பணிபுரியும் அவள் மகன் ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சரில் வரைபடம் தயாரித்து அனுப்பினான். உள்ளூர் வரைவாளர் வைத்திருப்பதோ விலை குறைந்த வேறொரு மென்பொருள். கோப்பு திறந்தது, அளவுகளும் எழுத்துகளும் தெரிந்தன. சுவர், கதவு, படிக்கட்டு இருக்கவேண்டிய இடங்களில் வெற்றுக் கட்டங்கள். "சொவரே இல்லாத வீட்டுக்கு எங்க சார் வானம் தோண்டுறது?" என்றார். கொத்தனாருக்கு நாள் குறித்தாயிற்று. தெரியும் அளவுகளைக் கொண்டு ஊகித்து வரைந்துவிடலாம் என்றனர் சிலர். ஊகம் ஓரடி பிசகினாலும் அஸ்திவாரம் பிசகும். தங்கையின் இருபதாண்டுச் சேமிப்பு அது.

மருமகன் விளக்கினான். சாதாரண வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு கோடுகள். அவனுடைய மென்பொருளில் அது தன்னைச் சுவரென்று அறிந்த பொருள். கதவைப் பொருத்தினால் தானே வழிவிடும். அந்த அறிவில்லாத மென்பொருளில் திறக்கும்போது அதனிடத்தில் ஒரு 'ப்ராக்ஸி', அதாவது பதிலி, நிற்கிறது. 'ப்ராக்ஸிகிராஃபிக்ஸ்' என்னும் அமைப்பை 1 என வைத்துச் சேமித்தால் பொருளோடு அதன் படமும் கோப்பில் செல்லும். 0 எனில் படம் செல்லாது. பெறுபவருக்கு எல்லைக்கட்டமே மிஞ்சும். ஆட்டோகேடில் பெறுபவரும் 'ப்ராக்ஸிஷோ' வழியாகப் படமா, கட்டமா, எதுவுமே வேண்டாமா எனத் தீர்மானிக்கலாம். கோப்பின் அளவைக் குறைக்க அவன் பணியிடத்தில் 0 என வைத்திருந்தார்கள்.

வழிகள் மூன்று. படத்தைச் சேர்த்து அனுப்புவது: காணலாம், திருத்த இயலாது. பெறுபவரின் ஆட்டோகேடில் 'ஆப்ஜெக்ட் எனேப்ளர்' என்னும் துணைநிரலை நிறுவுவது: பொருள் தன் இயல்போடு தெரியும், நம் வரைவாளரிடம் இருந்த மென்பொருளில் அதற்கு வழியில்லை. பொருள்களையெல்லாம் வெறும் கோடுகளாக மாற்றி அனுப்புவது: எங்கும் திறக்கும், எவரும் திருத்தலாம், ஆனால் சுவர் தன்னைச் சுவரென அறியாது.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஓலைச்சுவடிகள் நினைவுக்கு வந்தன. சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் மயங்கும். எழுதியவன் விட்டதை, யாப்பும் இலக்கணமும் அறிந்த வாசகன் தன் அறிவால் நிரப்பினான். அந்த அறிவே அவனுடைய துணைநிரல். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையையும் சேர்த்தே அச்சேற்றினார். உரை, மூலத்தோடு செல்லும் படம். ஒரு கோணத்தில் உறைந்ததெனினும் வெற்றுக் கட்டத்தினும் மேல். மூன்றாம் வழி, நாம் வகுப்பில் கொடுக்கும் பொழிப்புரை.

தங்கை வீட்டுக்கு அந்த மூன்றாம் வழியே பொருந்திற்று. சுவர்கள் கோடுகளாக வந்தன; வானம் தோண்ட அது போதும். தேர்வு எழுதப் பொழிப்புரையும் போதும். ஆனால் ஒரு சொல்லை நகர்த்தினால் செய்யுள் என்னாகும் என்று கேட்கும் மாணவன் வருடத்துக்கு ஒருவனாவது வருகிறான். அவனிடம் கோடுகளைக் கொடுக்க இயலாது.

மூலக்கோப்பை அழித்துவிடாதே என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறேன். மாடி எடுக்கும்போது வேண்டியிருக்கும்.