இசைக்கும் எடை உண்டு

குருமட மாணவராய் இருந்த நாள்களில் ஆர்மோனியத்தை மிதிவண்டியின் பின்புறம் கட்டிக்கொண்டு கிளைக்கிராமங்களுக்குச் சென்று வந்தவர்கள் நாம். வரப்பில் மிதிவண்டி போகாத இடத்தில் பெட்டி தலைக்கு ஏறும். பாட்டின் இனிமையைப் பற்றிப் பேசியவர் பலர். பாட்டுக்கு முன்னும் பின்னும் அந்தப் பெட்டியைத் தூக்குகிறவரைப் பற்றி எவரும் பேசக் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, அமெரிக்க நாட்டின் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு பங்கில் மூன்றாண்டுகள் பணியாற்றச் சென்றபோது, ஒரு பெட்டியைத் தூக்கமாட்டாமல் நின்ற முதியவரோடு நமக்கு முதல் நட்பு உண்டாயிற்று.

ஹூஸ்டன் நகருக்கும் சான் அந்தோனியோவுக்கும் இடைப்பட்ட அப்பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செக், ஜெர்மானிய மக்கள் குடியேறினர். உட்சுவரெங்கும் வண்ணம் தீட்டிய அவர்களுடைய கோவில்களைக் காண இன்றும் வெளியூரார் வருகின்றனர். அங்கே பங்குகள் ஆண்டுக்கொரு நாள் ஊர் விருந்து வைக்கும். காலையில் திருப்பலி, பகலில் அண்டா அண்டாவாக இறைச்சிக் குழம்பு, மாலையில் நடனம். முதல் ஆண்டு அதைக் கண்டு நாம் சற்றுத் திகைத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை; அடுத்த ஆண்டில் பழகிவிட்டது. நடனத்துக்கு வாசித்த குழுவில் ஒருவரே நாம் சொல்லும் முதியவர். அது 2013ஆம் ஆண்டு. அவருக்கு வயது 73. நிகழ்ச்சி முடிந்து, மற்றக் கலைஞர்கள் தத்தம் கருவிகளோடு போய்விட்டபின், தம் சிறு சரக்கு வண்டியின் அருகே ஒரு நீண்ட கரிய பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தார். மறுமுனையை நாம் பிடித்தோம். பிடித்த பிறகுதான் அவர் ஏன் நின்றுகொண்டிருந்தார் என்பது விளங்கிற்று.

பெட்டிக்குள் இருந்தது பெடல் ஸ்டீல் கிட்டார். வாசக அன்பர்களுள் பலர் இதைக் கண்டிருக்கமாட்டார்கள். பெயரில் கிட்டார் இருந்தாலும் தோற்றத்தில் அது நான்கு கால்களில் நிற்கும் ஒடுக்கமான ஒரு மேசை. மேற்பலகையில் பத்துத் தந்திகள். இடக்கையில் உருளையான எஃகுத் தண்டு. அதைத் தந்திகளின்மேல் வழுக்கிச் செல்வதால் சுரங்கள் ஒன்றோடொன்று இழைந்து வரும். நம் கோட்டுவாத்தியத்தைக் கேட்ட செவிகளுக்கு இது முற்றிலும் புதிதன்று. ஆனால் சூட்சுமம் மேசைக்கு அடியில் இருக்கிறது. இடக்காலுக்கு வரிசையாக மிதிகள். முழங்கால்களின் இருபுறமும் தொங்கும் நெம்புகோல்கள். ஒவ்வொன்றும் மெல்லிய கம்பிகளின் வழியே குறிப்பிட்ட தந்திகளை மட்டும் இழுத்தோ தளர்த்தியோ சுருதியை மாற்றும். வலக்கால் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வேலையில் இருக்கும். மூன்று தந்திகள் ஒருசேர ஒலித்துக்கொண்டிருக்கையில், ஒன்று அசையாமல் நிற்க, மற்றொன்று அரைச் சுரமும் பிறிதொன்று முழுச் சுரமும் மெல்ல மேலேறும். விம்மலைப் போன்ற அவ்வொலிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

எஃகுத் தண்டால் வாசிக்கும் முறை ஹவாய்த் தீவுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. ஜோசப் கெகுகு என்பாருக்கு அந்தப் பெருமையைத் தருகிறார்கள். மிதி சேர்ந்த பின்பு வந்த அந்த விம்மலை நாடறியச் செய்தது, பட் ஐசக்ஸ் வாசித்து 1954இல் வெளியாகிப் புகழ்பெற்ற ஓர் இசைத்தட்டு. அவர் ஒரே மிதியில் செய்ததை இரண்டு மிதிகளாகப் பிரித்து, கருவியின் வாய்ப்பைப் பன்மடங்காக்கியவர் படி எம்மன்ஸ். ஷாட் ஜாக்சன் என்பவரோடு சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு இருவர் பெயரையும் சுருக்கி 'ஷோ-பட்' என்று பெயரிட்டார்கள். பின்னர் 1960களில் தம் பெயராலேயே கருவிகள் வெளிவரச் செய்தார். இது நடனக்கூடத்துக்கு மட்டும் உரிய கருவி என்றும் எண்ணவேண்டா. 'ஹவுஸ் ஆஃப் காட்' என்னும் கறுப்பின மக்களின் பெந்தெகொஸ்தே சபையில் 1930களின் இறுதி தொட்டு ஸ்டீல் கிட்டார்தான் ஆர்கனின் இடத்தில் இருந்து வழிபாட்டை நடத்துகிறது.

நம் நண்பரிடம் இருந்தது எம்மன்ஸ் பெயர் தாங்கிய இரட்டைக் கழுத்துக் கருவி. மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போடச் சேர்த்த பணத்தை எடுத்து 1972இல் வாங்கினாராம். கூரைக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின என்று அவர் மனைவியார் நம்மிடம் சொன்னார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கணக்கு அவர் நினைவில் இருந்தது.

இரட்டைக் கழுத்து என்பது வீண் ஆடம்பரம் அன்று. முன்கழுத்தின் சுருதி அமைப்புக்கு ஈ 9 என்று பெயர். நாம் சொன்ன விம்மல் அதில்தான் பிறக்கிறது. பின்கழுத்து சி 6. ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், செறிவான, ஜாஸ் சாயல் கொண்ட அமைப்பு. 'வெஸ்டர்ன் ஸ்விங்' என்னும் நடன இசை டெக்சஸ் மண்ணில் வளர்ந்தது. பாப் வில்ஸ் அதன் தலைமகன். அந்த இசைக்குப் பின்கழுத்துத்தான் இயல்பான இடம். வேறு மாநிலத்தில் முன்கழுத்தை மட்டும் வைத்துக் காலந்தள்ளலாம்; இங்கே முதிய தம்பதியர் மேடை அருகே வந்து ஸ்விங் கேட்பார்கள். ஆகவே இருபது தந்திகள், எட்டு மிதிகள், அவற்றுக்குரிய கம்பிகள், மேப்பிள் மரப்பலகை, உலோகக் கழுத்துகள், கால்கள். பழைய இரட்டைக் கழுத்துக் கருவி பெட்டியோடு சேர்ந்து 30 கிலோவைத் தாண்டும். அதோடு முடிந்ததா? அவர் பயன்படுத்திய பழைய ஃபெண்டர் ட்வின் ஒலிபெருக்கியும் 30 கிலோவுக்குச் சற்றே குறைவு. வீட்டிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து மேடைக்கு, மீண்டும் வண்டிக்கு, மீண்டும் வீட்டுக்கு. ஒரு மாலை வாசிப்புக்கு நான்கு தூக்கல்கள்.

இளமையில் இது பொருட்டாக இல்லை. 2014இல் வலத் தோள்பட்டை மறுத்தது. மருத்துவர் தூக்குவதை விடச் சொன்னார். வாசிப்பதை விடச் சொல்லவில்லை. எடுத்துச் செல்லாமல் வாசிப்பது எப்படி என்று மருத்துவருக்குத் தோன்றவில்லை போலும். குழுவில் இருந்த இளைஞர்கள் தூக்கித் தர முன்வந்தார்கள். சில மாதங்கள் அப்படியே நடந்தது. ஆனால் கருவியைப் பூட்டவும் கழற்றவும் நேரம் பிடிக்கும் என்பதால் ஸ்டீல் கலைஞர்தான் முதலில் வந்து கடைசியில் போகவேண்டியவர். இளைஞர்களோ கடைசியில் வந்து முதலில் போகிறவர்கள். இதில் எவர் மீதும் குறையில்லை. அவரவர் வீட்டுக்கு அவரவர் போகவேண்டுமன்றோ?

வழிகள் இல்லாமல் இல்லை. முதுமை எய்திய ஸ்டீல் கலைஞர்களுக்கு இது பழகிய தொல்லையாதலால், கருவி செய்கிறவர்களும் இதைப் பற்றி நெடுங்காலமாகவே எண்ணி வந்திருக்கிறார்கள். டாலஸ் நகரில் தோன்றிய எம்எஸ்ஏ நிறுவனம் மரத்துக்கு மாற்றாகக் கரியிழைப் பலகையில் செய்து பார்த்தது. வேறு சிலர் உட்பாகங்களில் எஃகைக் குறைத்து அலுமினியத்தைச் சேர்த்தார்கள். இரண்டு சுருதி அமைப்புகளையும் ஒரே கழுத்தில் பன்னிரண்டு தந்திகளில் இணைக்கும் 'யுனிவர்சல்' என்னும் ஏற்பாடும் உண்டு. அல்லது எல்லாவற்றிலும் எளியது: ஒரே கழுத்து, பத்துத் தந்தி, மூன்று மிதி, நான்கு நெம்புகோல். பெட்டியோடு ஏறத்தாழப் பாதி எடை.

பன்னிரண்டு தந்திக் கருவி ஒன்றை இரவல் வாங்கி இரண்டு மாதம் முயன்றார். நாற்பது ஆண்டுகளாகக் கை போய்ப் பழகிய தந்தி இப்போது வேறிடத்தில் இருந்தது. "சிந்தித்து வாசித்தால் சரியாக வருகிறது, ஃபாதர். ஆனால் நடனம் ஆடுகிறவர்கள் நான் சிந்தித்து முடிக்கும்வரை காத்திருப்பதில்லை" என்றார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எஞ்சியது எளிய கருவி. அதற்குப் பணம் வேண்டும், எம்மன்ஸை விற்கவேண்டும். பின்கழுத்தோடு ஸ்விங்கும் போய்விடும்.

இந்த இடத்தில் நாம் ஒரு தவறு செய்தோம். இறையியல் படித்த நாவுக்கு ஆறுதல் எளிதில் வந்துவிடுகிறது. அவர் வீட்டு முன்திண்ணையில் அமர்ந்து, துறத்தலின் மேன்மையைப் பற்றியும், விட்டுக்கொடுப்பதும் ஒரு கொடையே என்பதைப் பற்றியும் எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டார். பின்பு, "நான் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை, ஃபாதர். என்னிடமிருந்து போகிறது. வாசிப்பு மொத்தமும் போவதா, பின்கழுத்து மட்டும் போவதா என்பதுதான் நான் பார்க்கிற கணக்கு" என்றார். கோபம் இல்லாமல் சொன்னார். கோபத்தோடு சொல்லியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவமானத்தை மறைக்க, அண்மையில் அறிந்த செய்தி ஒன்றை எடுத்துவிட்டோம். நாஷ்வில் நகரின் ஒலிப்பதிவுக் கூடங்களில் பெரும்புகழ் பெற்ற லாயிட் கிரீன், தமக்குத் தேவையில்லை என்று பின்கழுத்தைத் துறந்தார். 1970களில் ஷோ-பட் நிறுவனம் அவர் பெயரிலேயே ஒற்றைக் கழுத்துக் கருவியை வெளியிட்டது. அப்போது அவருக்கு முப்பதுகளில்தான் வயது. அப்பேர்ப்பட்டவரே ஒற்றைக் கழுத்தோடு வாசித்தார் அல்லவா என்றோம். நண்பர் சிரித்தார். "அவருக்கு வேண்டியிருக்கவில்லை; எனக்கு வேண்டும், முடியவில்லை. இரண்டும் ஒன்றா?" ஒன்றில்லை என்று ஒப்புக்கொண்டோம். அதற்குப் பிறகு அப்பொருளைப் பற்றி நாம் உபதேசிக்கவில்லை.

2015 சூலையில் படி எம்மன்ஸ் தம் 78ஆம் வயதில் காலமானார். அன்று மாலை நண்பர் நம்மை அழைத்தார். கொட்டகையில் கருவியைப் பூட்டி வைத்திருந்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் பின்கழுத்தில் மட்டுமே வாசித்தார். இடையே பேச்சில்லை. நமக்கு அவ்விசையின் இலக்கணம் தெரியாது. ஆனாலும் கீழ்த்தந்திகளின் அந்தத் தடித்த ஒலி கொட்டகையின் தகரத்தில் பட்டு அதிர்ந்தது இன்றும் செவியில் இருக்கிறது. அடுத்த மாதம் வாங்குவதற்கு ஓர் இளைஞர் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். விலை பேசி முடித்து, பெட்டியின் பிடியை ஒற்றைக் கையால் பற்றித் தூக்கி, மறுகையால் வண்டிக் கதவைத் திறந்தார். அதைத்தான் நண்பர் உற்றுப் பார்த்தார், பணத்தை எண்ணவில்லை. மனைவியார்தான் எண்ணினார்.

புதிய கருவியை அவர் முதலில் மதிக்கவில்லை என்றே சொல்லவேண்டும். பொம்மை என்றார். பாதத்துக்கு எட்டு மிதிகளைத் தேடிய பழக்கம் இருந்தது, இருந்தவை மூன்று. ஆனால் குளிர்காலம் முழுவதும் அதனோடு அமர்ந்திருந்ததில் ஒன்றைக் கண்டுகொண்டார். ஈ 9 அமைப்பில் ஈ தந்திகளை ஒரு நெம்புகோலால் அரைச் சுரம் தாழ்த்திப் பிடித்தால், தந்திகள் ஓர் ஆறாம் சுரக் கூட்டாக, பின்கழுத்தின் மரபை ஒத்த கூட்டாக மாறுகின்றன. இது அறிந்தவர் பலருக்கும் தெரிந்த வழிதான். பன்னிரண்டு தந்திக் கருவியே இந்த அடிப்படையில் அமைந்தது. ஆனால் பின்கழுத்து அருகிலேயே இருந்தவரைக்கும் அவர் அந்த வழியில் போகத் தேவை நேரவில்லை. முழங்காலை இடைவிடாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். கீழ் ஸ்தாயி கிடைக்காது. ஸ்விங்கின் மேல்பாதி கிடைத்தது. கீழ்ப்பாதியைப் பேஸ் கிட்டார் வாசிப்பவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று தீர்மானித்தார்.

2016ஆம் ஆண்டு விருந்தில் அதை வாசித்தார். முதிய தம்பதியர் வழக்கம்போல் வந்து ஸ்விங் கேட்டனர். வாசித்தார்; அவர்கள் ஆடினர். குறை ஒன்றும் அவர்களுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. இறங்கி வந்தபின், எப்படி இருந்தது என்று நம்மைக் கேட்டார். கீழே ஏதோ இல்லாததுபோல் இருந்தது என்றோம். "ஆம், இல்லை" என்றார். மகிழ்ச்சியோடுதான் சொன்னார், கேட்க ஒருவராவது இருந்ததே என்பதாலோ என்னவோ.

நாம் தாயகம் திரும்பியபின்னும் தொலைபேசித் தொடர்பு விடவில்லை. 2019இல் ஃபெண்டர் நிறுவனம் அதே ட்வின் ஒலிபெருக்கியை எண்ணிம (டிஜிட்டல்) முறையிலும் எடை குறைந்த நியோடிமியம் காந்த ஒலிப்பான்களோடும் 15 கிலோவில் வெளியிட்டதைச் சொல்லி, வாங்கிவிட்டதாகவும் சொன்னார். அப்போது அவருக்கு வயது 79. ஒலி பழையதைப் போலவே உள்ளதா என்று கேட்டோம். போதுமான அளவு இருக்கிறது என்பது விடை.

சென்ற ஆண்டு, விடுமுறையில் அப்பங்குக்கு ஒருமுறை சென்றிருந்தோம். நமக்கும் இடுப்பு வலி தொடங்கிவிட்டது. விமானத்தில் பையை மேலே வைக்க ஓர் இளம்பெண் உதவினார். நண்பர் இப்போது மாதத்துக்கொரு முறைதான் வாசிக்கிறார். நிகழ்ச்சி முடிந்ததும் பழைய நினைவில் மேடையின் பின்பக்கம் சென்று நின்றோம். கருவிப் பெட்டியை ஒரு சிறிய சக்கரவண்டியில் ஏற்றித் தாமே தள்ளிப் போய்விட்டார். ஒலிபெருக்கியை இரண்டாம் முறை வந்து எடுத்தார். நமக்கென்று எஞ்சியிருந்தது அவர் அமர்ந்து வாசிக்கும் இருக்கை மட்டுமே. எஃகுத் தண்டும் விரல் உறைகளும் அதன் அடியறையில் கிடந்து ஒலி எழுப்ப, அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தோம்.