இடுப்புள்ள பின்

காஞ்சி கச்சபேஸ்வரர் கோயில் மதிலுக்கு எதிரே ஒரு டீக்கடை. அதன் பெஞ்சில் உட்கார்ந்தால் சாவிக்காரரின் மேசை கைக்கெட்டும் தூரம். மேசை என்றால் சக்கரம் வைத்த மரப்பெட்டி. மேலே ஒரு குடை, முன்னால் தகரத்தில் வெட்டி மஞ்சள் அடித்த முழ நீளச் சாவி. வெட்டாத சாவிகள் கம்பி வளையத்தில் கொத்துக்கொத்தாகத் தொங்குகின்றன. பஸ் போனால் அத்தனையும் ஒருமுறை சிணுங்கி அடங்கும்.

சைக்கிளில் வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். பிள்ளையார்பாளையத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. மஞ்சள் பையிலிருந்து, கதவிலிருந்து கழற்றிய நைட் லாட்ச் ஒன்றை எடுத்து வைத்தார்.

"ரெண்டு சாவில ஒண்ணு தொலைஞ்சிடுச்சு பாய். மாத்துச் சாவி மட்டும் போட்டா ஆவாது. எடுத்தவன் கையில அது இருக்குமே. ஜரிகை வச்சிருக்கிற ரூம்பு."

இந்த ஊரில் ஜரிகைக்கு மார்க் கணக்கு. ஒரு மார்க் 242 கிராம். வெள்ளி விற்கிற விலையில், நெசவாளி வீட்டில் பீரோவைவிட ஜரிகை வைத்த அலமாரிக்குத்தான் காவல் அதிகம். நெசவாளர் சங்கத்துச் சரக்கு என்றால் எடை போட்டுக் கொடுப்பார்கள், சேலையாக வரும்போதும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள். குறைந்தால் பதில் சொல்ல வேண்டும்.

பாய் ஒன்றும் கேட்கவில்லை. மிச்சமிருந்த சாவியைப் போட்டுக் கால்வாசி திருப்பினார். பின்பக்கமிருந்து ஒரு மரக்குச்சியால் உள்ளே இருந்த பித்தளை உருளையைத் தள்ளினார். உருளையின் கனத்துக்கே சீவிய குச்சி. அது வெளியே வர வர, இது அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் மயிரிழை இடைவெளி விட்டாலும் மேலே இருக்கிற ஐந்து ஸ்பிரிங்கும் துள்ளி ரோட்டுக்குப் போய்விடும். அவர் விடவில்லை.

உருளையைக் கவிழ்த்ததும் உள்ளங்கையில் ஐந்து பின்கள். ஒவ்வொன்றும் ஒரு உயரம், பச்சரிசி அளவுதான். இவை கீழ்ப் பின்கள். இவற்றின் தலையில் ஸ்பிரிங் அழுத்தும் மேல் பின்கள் ஐந்து. சரியான சாவி நுழைந்தால் ஐந்து ஜோடியும் உருளையின் விளிம்பில் ஒரே கோட்டில் பிரிந்து நிற்கும். உருளை சுழலும். ஒரு ஜோடி பிரியாவிட்டாலும் சுழலாது. அமெரிக்காவில் லைனஸ் யேல் 1861-லும் 1865-லும் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. எனக்குக் கோர்வைச் சேலைதான் ஞாபகம் வந்தது. அங்கே உடலும் கரையும் சேர்ந்த கோடு பிரியவே கூடாது, சேலை கிழிந்தாலும். இங்கே அந்தக் கோட்டில் பிரிந்தால்தான் வேலை.

ஆனால் எந்தக் கம்பெனியும் ஐந்து துளையையும் அப்பழுக்கில்லாத நேர்கோட்டில் போடுவதில்லை. நூலிழை முன்னே பின்னே இருக்கும். உருளையை லேசாக முறுக்கிப் பிடித்தால் ஒரு பின் முதலில் இறுகும். அதைக் கம்பியால் தூக்கினால் விளிம்பில் தங்கிவிடும், அடுத்தது இறுகும். அந்த நூலிழையில்தான் கம்பிக்காரன் பிழைப்பு ஓடுகிறது.

பாய் முதலில் கீழ்ப் பின்களை இடம் மாற்றிப் போட்டு, அந்த உயரத்துக்குப் புதிதாக இரண்டு சாவி வெட்டினார். தொலைந்த சாவி அந்த நிமிஷமே செத்தது. இதோடு நிறுத்தியிருந்தாலும் காசு கொடுத்திருப்பார்கள்.

அவர் மேல் பின் ஒன்றை எடுத்து, வைஸில் கடித்து நிறுத்தியிருந்த கை டிரில்லின் வாயில் மாட்டினார். இடது கை சுற்ற, வலது கையில் சன்ன அரம். பித்தளைத் தூள் தினத்தந்தி மேல் பொன்னாகக் கொட்டியது. இரண்டு தலையையும் விட்டுவிட்டு நடுவில் மட்டும் அரித்தார். சின்ன உடுக்கை மாதிரி ஒரு இடுப்பு. ஐந்தில் மூன்றுக்கு மட்டும். ஓரத்தில் பிசிறு நின்றால் சொந்தச் சாவியே சிக்கும் என்று ஒவ்வொன்றையும் பெருவிரல் நகத்தில் உருட்டிப் பார்த்தார். சாமணத்தால் பொறுக்கி உள்ளே அடுக்கும்வரை மூச்சு விட்டாரா என்று தெரியவில்லை. என் டீயில் ஆடை கட்டிவிட்டது.

சாவியில் பத்துத் தடவை திறந்து மூடினார். பிறகு இரண்டு கம்பிகளை எடுத்துத் தானே நோண்டினார். கொஞ்ச நேரத்தில் உருளை சற்றே திரும்பியது.

"தெறந்துடுச்சே!" என்றார் நெசவாளி, முகம் வாடி.

"எங்க தெறந்துச்சு? நீங்க திருப்புங்கண்ணே."

திருப்பினார். நகரவில்லை. அழுத்த அழுத்த இடுப்பு விளிம்பில் கவ்விக்கொள்கிறது. பிடியைத் தளர்த்தினால்தான் அது நழுவும், தளர்த்தினால் அதுவரை தூக்கி நிறுத்திய பின்கள் கீழே விழும். திறந்துவிட்டதாகக் கம்பிக்காரனை நம்பவைத்து மோசம் செய்கிற பூட்டு. வெளியிலிருந்து பார்த்தால் காலையில் வந்த அதே நைட் லாட்ச்.

"கூட ஒரு திண்டுக்கல் மாங்காப் பூட்டும் தொங்க விட்டுடவா பாய்?"

"விடுங்க. அது லீவரு, வேற ஜாதி."

திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019-ல்தான் கிடைத்தது. அந்த மரியாதையில் காஞ்சிப் பட்டு பல வருஷம் முந்தி.

300 ரூபாய். நெசவாளி எண்ணிக் கொடுத்துவிட்டுப் பையை ஹேண்டிலில் மாட்டினார். பாய் கூப்பிட்டார்.

"கதவுல என்னா ஸ்க்ரூ போட்டிருக்கு?"

நெசவாளி சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நாலும் துரு ஏறிய அரை இஞ்சு.

"பூட்டை நோண்ட எவனுக்கு நேரம் இருக்குது? கடப்பாரையால ஒரு நெம்பு நெம்பினா இது கையோட வந்துடும்."

டப்பாவைக் கிளறி இரண்டு இஞ்சு ஸ்க்ரூ நாலு எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.